நாற்பது காய்களும் ஒரு பாலமும்: எதிர்காலப் போக்குவரத்தைக் கற்பிக்கும் அருங்காட்சியக விளையாட்டுகள்

எதிர்காலப் போக்குவரத்தைப் பற்றிய விளையாட்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் காட்சி ஒன்றுதான். நகர வரைபடம் விரிந்த பெரிய மேசை, அதைச் சுற்றி நான்கைந்து பேர், கையில் பேருந்து வடிவக் காய்கள், எதிர்ச் சுவரில் ஏறி இறங்கும் ஒரு மாசு அளவுகோல். இது எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால், சிறுவர்களுக்கான பொழுதுபோக்கு என்பார் ஒருவர். வரப்போகும் வாகனங்களின் முன்னோட்டம் என்பார் இன்னொருவர். சுற்றுச்சூழல் அறிவுரையைப் படம் போட்டுச் சொல்கிறார்கள் என்பார் மூன்றாமவர். மூன்றுமே அரைகுறையான பதில்கள். ஒரு நகரத்தின் போக்குவரத்து எந்த விதிகளால் இயங்குகிறதோ அந்த விதிகளைப் பார்வையாளரின் கையில் கொடுத்து, அவர் எடுத்த முடிவின் விளைவை அவருக்கே திருப்பிக் காட்டுவதுதான் இந்த விளையாட்டுகளின் வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தொடுதிரை இருந்தால் விளையாட்டாகிவிடாது

சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. ஆயிரம் முறை தட்டினாலும் மின்சாரத்தைப் பற்றி நாம் எதையும் புதிதாகத் தெரிந்துகொள்வதில்லை. சைக்கிள் ஓட்டப் பழகுவது அப்படியல்ல. கைப்பிடியைத் திருப்புகிறோம், வண்டி சாய்கிறது, சாய்வைப் பார்த்து உடலைத் திருத்துகிறோம், திருத்தியதற்கு ஏற்ப வண்டி மறுபடியும் நடந்துகொள்கிறது. நாம் செய்வதற்கு ஏற்ப எதிரிலிருப்பது மாறி, அந்த மாற்றம் நம்முடைய அடுத்த செயலையும் மாற்றுகின்ற இந்த உறவுக்குத்தான் ஊடாட்டம் என்று பெயர். பொத்தானை அழுத்தினால் காணொளி ஓடும் திரை சுவிட்சைச் சேர்ந்தது; அதை ஊடாட்டம் என்று விளம்பரப்படுத்துவது சொல்லை வீணாக்குவதாகும்.

பார்வையாளரைத் தொடவிடுவது அருங்காட்சியகங்களுக்குப் புதிதல்ல. ஆஸ்கர் ஃபான் மில்லர் 1903இல் மியூனிக் நகரில் நிறுவிய டாய்ச்சஸ் மியூசியம், கைப்பிடியைச் சுற்றியும் பொத்தானை அழுத்தியும் இயக்கக்கூடிய இயந்திரங்களுக்குப் பெயர்பெற்றது. இயற்பியலாளரான ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்புளோரட்டோரியம் அதற்கு ஒரு படி மேலே சென்று, காட்சிப்பொருளையே பார்வையாளர் செய்து பார்க்கும் சோதனையாக மாற்றியது. இத்தகைய ஊடாட்டத்தோடு எட்ட வேண்டிய ஓர் இலக்கும், மீற முடியாத ஒரு வரம்பும் சேரும்போது அது விளையாட்டாகிறது. வரம்பு என்பது பணமாக இருக்கலாம், நேரமாக இருக்கலாம், சாலையின் அகலமாகவும் இருக்கலாம். வரம்பு இல்லாவிட்டால் எல்லோரும் எல்லா இடத்திலும் மெட்ரோ ரயில் பாதை போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

பார்த்துவிட்டு மட்டும் வந்த எதிர்காலம்

விளையாட்டு இல்லாமலும் எதிர்காலத்தைக் காட்டலாம். அதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமைத்த ஃபியூச்சராமா. நார்மன் பெல் கெடிஸ் வடிவமைத்த அந்த மாபெரும் சிற்றுருவ நிலப்பரப்பு 1960ஆம் ஆண்டின் அமெரிக்காவைச் சித்தரித்தது. அதில் 50,000 பொம்மைக் கார்கள் இருந்தன. அவற்றுள் 10,000 உண்மையிலேயே ஓடின. நகரும் நாற்காலிகளில் அமர்ந்த பார்வையாளர்கள் அந்த நிலப்பரப்பின் மேலாக மெல்ல இழுத்துச் செல்லப்பட்டார்கள். வெளியே வரும்போது, 'எதிர்காலத்தைப் பார்த்துவிட்டேன்' என்று பொறித்த ஒரு சிறு பதக்கம் கொடுக்கப்பட்டது.

பார்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த அகன்ற விரைவுச்சாலைகளில் ஒன்றை எடுத்துவிட்டு டிராம் பாதையை வைத்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க அங்கே யாருக்கும் வழி இருக்கவில்லை. கார் தயாரிக்கும் நிறுவனம் தனக்கு உகந்த எதிர்காலம் ஒன்றைத் தேர்ந்து காட்டியது. பார்வையாளர் அதை வியந்தார். இன்றைய விளையாட்டு அந்த நாற்காலியிலிருந்து பார்வையாளரை எழுப்பி நிறுத்துகிறது.

'நிலைத்தகு' என்றால் என்ன?

வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவையைத் தாங்களே நிறைவு செய்துகொள்ளும் திறனைக் கெடுக்காமல், இன்றைய தேவையை நிறைவு செய்வதே நிலைத்தகு வளர்ச்சி என்று ஐக்கிய நாடுகள் அமைத்த பிரண்ட்லண்ட் ஆணையம் 1987இல் வரையறுத்தது. இதைப் போக்குவரத்துக்குப் பொருத்தினால் கிடைப்பது நிலைத்தகு போக்குவரத்து. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் கணக்குப்படி, எரிசக்தியைப் பயன்படுத்துவதால் 2019இல் உலக அளவில் வெளியான கரியமில வாயுவில் ஏறத்தாழ 23 விழுக்காடு போக்குவரத்தைச் சேர்ந்தது. போக்குவரத்தின் உமிழ்வில் சுமார் 70 விழுக்காடு சாலை வாகனங்களிலிருந்து வந்தது.

இந்த எண்களைக் கேட்டவுடன், பெட்ரோல் காருக்குப் பதில் மின்சாரக் கார் வந்தால் முடிந்தது என்று தோன்றுவது இயல்பு. அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. மின்கட்டத்திலிருந்து எடுக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் மின்சாரக் காரின் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. பெட்ரோலில் உள்ள ஆற்றலிலோ ஏறக்குறைய 12 முதல் 30 விழுக்காடுதான் சேர்கிறது. ஆனால் சாலையில் கார் அடைத்துக்கொள்ளும் இடம், அதற்குள் இருப்பது எந்த இயந்திரமாக இருந்தாலும் அதேதான். ஒரே அகலமுள்ள ஒரு தடத்தில், கலப்புப் போக்குவரத்தில் கார்கள் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கொண்டுசெல்லும். பேருந்துக்கென்று ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் வரை போகலாம். பாதுகாப்பான சைக்கிள் தடமாக்கினால் சுமார் 7,500 பேர் போகலாம் என்பது வட அமெரிக்க நகரப் போக்குவரத்து அலுவலர்கள் சங்கத்தின் வழிகாட்டி தரும் கணக்கு. எல்லாக் கார்களையும் மின்சாரக் கார்களாக்கிவிட்டு மற்ற எதையும் தொடாமல் விட்டால் நமக்குக் கிடைப்பது புகையில்லாத, சத்தம் குறைந்த அதே நெரிசல்.

ஆகவே திட்டமிடுவோர் மூன்று வினைச்சொற்களை வரிசையாக வைத்துப் பேசுகிறார்கள். தேவையற்ற பயணத்தைத் தவிர். செய்தே ஆக வேண்டிய பயணத்தைக் குறைந்த இடமும் ஆற்றலும் கேட்கும் வாகனத்துக்கு மாற்று. அதற்கும் பின் எஞ்சும் வாகனங்களை மேம்படுத்து. மின்சாரக் கார் இந்த மூன்றாவது சொல்லுக்குள் அடங்குகிறது. முதல் இரண்டு சொற்களுக்கும் இடமே கொடுக்காமல் பறக்கும் கார்களை மட்டும் காட்டும் ஒரு விளையாட்டை, எத்தனை அழகாக இருந்தாலும், ஃபியூச்சராமாவின் பேரப்பிள்ளை என்றே நான் கருதுகிறேன்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஊடாட்டத்தோடு இலக்கும் வரம்பும் சேர்ந்தால் விளையாட்டு, நிலைத்தகு போக்குவரத்து என்பது வாகனத்தின் எரிபொருளோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல. அடுத்து, விளையாட்டின் உட்புறத்துக்குள் போகலாம்.

உள்ளே இருப்பது ஒரு மாதிரி

வரைபடத்தில் தெருவோர மரங்கள் இருப்பதில்லை. ஆனால் வழி கண்டுபிடிக்க அந்தக் குறை இடையூறாக இருப்பதில்லை. வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டதால்தான் அது சட்டைப்பைக்குள் அடங்குகிறது. இப்படி உண்மையான ஒன்றின் சில பண்புகளை மட்டும் எடுத்து, அவற்றுக்கு இடையிலான உறவை விதிகளாக எழுதிவைத்தால் அது மாதிரி. அதில் நாம் கூட்டவும் குறைக்கவும் கூடிய அளவுகள், அதாவது பேருந்துகளின் எண்ணிக்கை, கட்டணம், சாலையின் அகலம் போன்றவை, மாறிகள் எனப்படுகின்றன. அருங்காட்சியக மேசையின் மேலே தெரிவது வண்ணமும் ஒளியும். அடியில் ஓடுவது சில மாறிகளும் அவற்றைப் பிணைக்கும் விதிகளும்தான்.

மாதிரிக்கு எதிர்காலம் தெரியாது. 2050இல் இந்த நகரம் இப்படித்தான் இருக்கும் என்று அது சோதிடம் சொல்வதில்லை. 'நீங்கள் இதைச் செய்தால், இந்த விதிகள் சரியாக இருக்கும் பட்சத்தில், அது நடக்கும்' என்று மட்டுமே சொல்கிறது. இந்த 'பட்சத்தில்' என்ற சொல்லைத் தவறவிடுவதால்தான் விளையாட்டில் கிடைத்த மதிப்பெண்ணை முன்னறிவிப்பாக எண்ணிக்கொள்ளும் குழப்பம் வருகிறது.

நாற்பது காய்களின் ஆட்டம்

மாதிரி என்ன செய்யக்கூடும் என்பதை விளக்க, கணினியே இல்லாமல் ஆடக்கூடிய ஒரு மேசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடது ஓரத்தில் வீடு, வலது ஓரத்தில் அலுவலகம். இரண்டையும் மேல்வழி ஒன்றும் கீழ்வழி ஒன்றும் இணைக்கின்றன. மேல்வழியில் முதலில் ஒரு குறுகிய சாலை, பிறகு ஓர் அகன்ற சாலை. கீழ்வழியில் முதலில் அகன்ற சாலை, பிறகு குறுகிய சாலை. அகன்ற சாலையில் எத்தனை வண்டி போனாலும் 45 நிமிடம் ஆகும். சுற்றிப் போகிறது, ஆனால் அடைபடாது. குறுகிய சாலையில் எத்தனை காய்கள் நுழைகின்றனவோ அத்தனை நிமிடம் ஆகும். மொத்தம் 40 காய்கள், ஆளுக்கு ஒன்று. எல்லோருடைய இலக்கும் தன் காயைச் சீக்கிரம் கொண்டுசேர்ப்பது.

முதல் சுற்றில் 30 பேர் மேல்வழியில் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு 30 நிமிடமும் 45 நிமிடமும் சேர்ந்து 75 நிமிடம். கீழ்வழியில் போன 10 பேருக்கு 55 நிமிடம்தான். அடுத்த சுற்றில் மேலே போனவர்களில் சிலர் கீழே மாறுகிறார்கள். சில சுற்றுகளுக்குப் பிறகு இரண்டு வழியிலும் இருபது இருபது பேராகச் சமன்பட்டு, எல்லோருக்கும் 65 நிமிடம் ஆகிறது. யாரும் கட்டளையிடவில்லை, காய்கள் தாமாகவே அங்கே போய் நின்றன.

இப்போது விளையாட்டை நடத்துபவர், இரண்டு வழிகளின் நடுப்புள்ளிகளையும் இணைக்கும் ஒரு பாலத்தைப் பரிசாகத் தருகிறார். மேலிருந்து கீழே கடக்க நேரமே ஆகாது. கூட்டத்தில் மகிழ்ச்சி. குறுகிய சாலையில் எத்தனை கூட்டம் சேர்ந்தாலும் 40 நிமிடத்தைத் தாண்டாது, அகன்ற சாலையோ எப்போதும் 45. ஆகவே முதல் குறுகிய சாலையில் புகுந்து, பாலத்தைக் கடந்து, இரண்டாவது குறுகிய சாலையில் போவதுதான் ஒவ்வொருவருக்கும் புத்திசாலித்தனம். நாற்பது பேரும் அதையே செய்கிறார்கள். நாற்பதும் நாற்பதும் எண்பது. பாலம் இல்லாதபோது 65 நிமிடம். பாலம் வந்த பின் 80 நிமிடம். பழைய வழிக்கே போகலாம் என்று ஒருவர் மட்டும் விலகினால் அவருக்கு 85 நிமிடம் ஆகும் என்பதால் விலகவும் முடியாது.

ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிரஸ் 1968இல் வெளியிட்ட முரண்புதிர் இது. கரும்பலகையில் எழுதிக்காட்டினால் கல்லூரி மாணவர்களே இரண்டு முறை கணக்குப் போட்டுச் சரிபார்ப்பார்கள். மேசையில் ஆடும்போது பத்து வயதுக் குழந்தைக்கும் புரிகிறது, ஏனென்றால் அந்தக் குழந்தையின் காயும் பாலத்தின் முன் வரிசையில் நிற்கிறது. சாலையைக் கூட்டினால் நெரிசல் குறையும் என்ற, யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை, அறிவுரை எதுவும் சொல்லாமலேயே ஆட்டம் காண்கிறது.

உண்மை நகரங்கள் இந்த மேசையைப் போல எளியவை அல்ல. சியோல் நகரின் நடுவே ஓடிய சங்கேச்சன் ஓடையை மூடி நின்ற உயர்மட்ட விரைவுச்சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கியபோது நகர மையமே திணறிப்போகும் என்று பலர் அஞ்சினார்கள். 2005இல் ஓடை திறக்கப்பட்டது, அஞ்சியபடி நடக்கவில்லை. ஆனால் அதே காலத்தில், 2004இல், அந்த நகரம் தன் பேருந்துச் சேவை முழுவதையும் சீரமைத்தது. ஆகவே முழுப் பெருமையையும் பிரஸின் புதிருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

அலமாரியும் அகலச் சாலையும்

புதிய அலமாரி வாங்கியவர்களுக்கு ஒன்று தெரியும். சில மாதங்களில் அதுவும் நிறைந்துவிடும். இடம் இருப்பதாலேயே பொருள் சேர்கிறது. சாலையும் அப்படித்தான். அகலப்படுத்தியவுடன் பயணம் எளிதாகிறது. எளிதானதால், முன்பு பேருந்தில் போனவரும் வேறு நேரத்தில் போனவரும் காரை எடுக்கிறார்கள். சிலர் வீட்டையே தொலைவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். வசதி வந்ததாலேயே பிறக்கும் இந்தப் புதிய பயணங்களுக்குத் தூண்டப்பட்ட தேவை என்று பெயர். அமெரிக்கப் பெருநகரங்களின் தரவுகளை ஆராய்ந்த டுரான்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள், சாலைத் தடங்களின் நீளம் கூடும் அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடும் தொலைவும் கூடுவதை 2011இல் காட்டினார்கள்.

இதற்கு நேர்மாறான திசையிலும் சக்கரம் சுழலும். ஒலிபெருக்கியின் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்தால் ஒரு சிறு ஓசை சுற்றிச் சுற்றி வந்து கீச்சென்று அலறுகிறது. விளைவு திரும்பி வந்து தன் காரணத்தையே வளர்ப்பதற்கோ தணிப்பதற்கோ பின்னூட்டம் என்று பெயர். பேருந்துச் சேவையில் இது நாள்தோறும் நடக்கிறது. ஆறு நிமிடத்துக்கு ஒரு பேருந்து வந்தால் சராசரிக் காத்திருப்பு மூன்று நிமிடம். செலவைக் குறைக்க அரைமணிக்கு ஒன்றாக்கினால் பதினைந்து நிமிடம். காத்திருக்க மனமில்லாதவர்கள் விலகுகிறார்கள், வருமானம் குறைகிறது, இன்னும் சில பேருந்துகள் நிறுத்தப்படுகின்றன. நல்ல விளையாட்டில் இந்த வெட்டு முதல் சுற்றில் சேமிப்பாகத் தோன்றும். மூன்றாம் சுற்றில்தான் காலை வாரும். ஒரே சுற்றில் மதிப்பெண் போட்டு அனுப்பிவிடும் விளையாட்டுகள் இந்த இடத்தில் தோற்றுப்போகின்றன, ஏனென்றால் பின்னூட்டத்தைக் காண்பதற்குக் காலம் ஓட வேண்டும்.

சுருக்கமாக: வழிகளின் விதி, தூண்டப்பட்ட தேவை, பின்னூட்டம் ஆகிய மூன்றும் மாதிரிக்குள் இருந்தால்தான் பார்வையாளரின் ஊகம் பொய்க்கும். ஊகம் பொய்த்த இடத்தில்தான் அவர் குனிந்து மேசையை உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார்.

கை உணரும் கணக்கு

திரையே இல்லாத இன்னொரு வகை உண்டு. ஒரு கைப்பிடியைச் சுற்றினால் ஆற்றல் அளவி எவ்வளவு வாட் என்று காட்டும். நலமாக இருக்கும் ஒருவர் களைத்துப்போகாமல் தொடர்ந்து தரக்கூடியது நூறு வாட்டுக்குள்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு 15 முதல் 20 கிலோவாட் வரை தேவைப்படும். அதாவது அந்தக் கைப்பிடியை 150 முதல் 200 பேர் சேர்ந்து சுற்ற வேண்டும், ஒரே ஒரு காரை ஓட்ட. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. இதைப் படிக்கும்போது எண்ணாக இருப்பது, சுற்றும்போது தோள்பட்டையில் வலியாகிறது. பக்கத்தில் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கர வண்டியையும், தரையில் அதே எடையுள்ள ரப்பர் சக்கர வண்டியையும் வைத்து இழுக்கச் சொன்னால், முதலாவதன் உருளும் தடை இரண்டாவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்பதைக் கயிறே சொல்லிவிடும். விலையுயர்ந்த மெய்நிகர் கண்ணாடிகளைவிட இந்தக் கயிற்றின் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

மாதிரி எதை மறைக்கிறது?

எதை விடுவது என்று தீர்மானிப்பவர் எதைக் கற்பிப்பது என்றும் தீர்மானிக்கிறார். 1989இல் முதன்முதலில் வெளிவந்த நகர நிர்மாணக் கணினி விளையாட்டான சிம்சிட்டியின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பை உருவாக்கியபோது, வடிவமைப்பாளர்கள் உண்மையான கடைகளின் வாகன நிறுத்துமிடங்களை அளந்து பார்த்துத் திகைத்தார்கள். கடையைவிட நிறுத்துமிடம் பெரிதாக இருந்தது. அளவு மாறாமல் அதை வைத்தால் விளையாட்டு சலிப்பூட்டும் என்று சுருக்கிவிட்டு, மீதி நிலத்தடியில் இருப்பதாகப் பாவித்துக்கொண்டார்கள். சலிப்பைத் தவிர்க்கச் செய்த நியாயமான முடிவுதான். ஆனால் கார் ஒரு நகரத்திடம் கேட்கும் விலையில் பெரிய பகுதி விளையாடுபவரின் கண்ணில் படாமல் போயிற்று.

அருங்காட்சியகத்திலும் இதே கண்ணோடு பார்க்கலாம். என்னால் எதை மாற்ற முடிகிறது, எதை மாற்ற முடியவில்லை? பயணத்தின் நேரம் அளக்கப்படுகிறதென்றால் நடப்பவரின் நேரமும் அளக்கப்படுகிறதா? சக்கர நாற்காலியில் வருபவர் அந்தப் பேருந்தில் ஏற முடியுமா என்று விதி எங்காவது கேட்கிறதா? மாதிரியின் விதிகளை ஒரு சிறு பலகையில் வெளிப்படையாக எழுதிவைக்கும் காட்சியகம் பார்வையாளரை மதிக்கிறது.

நின்றுகொண்டே ஆடும் ஆட்டம்

வீட்டில் ஆடுபவருக்கு மணிக்கணக்கில் நேரம் உண்டு. அருங்காட்சியகத்தில் நின்றுகொண்டே, சில நிமிடங்களுக்குள், முன்பின் அறியாதவரோடு ஆட வேண்டும். ஒருவர் பாதியில் கிளம்புவார். இன்னொருவர் பாதியில் வந்து சேர்வார். விதிகளைப் படிக்கச் சொல்லும் நீண்ட முன்னுரையை யாரும் படிப்பதில்லை. விரல் முதலில் பொத்தானைத்தான் தேடும். ஒரே அளவில், ஒரே நிறத்தில் பல பொத்தான்கள் இருந்தால் எதைத் தொடுவதென்று திணறுகிறார்கள் என்றும், ஒருவர் செய்துகொண்டிருப்பதை மற்றவரின் கை கலைத்துவிடுகிறது என்றும் எக்ஸ்புளோரட்டோரியத்தின் ஆய்வாளர்கள் 2004இல் எழுதினார்கள். இதனால்தான் நன்றாக அமைந்த விளையாட்டுகளில் மாறிகள் மிகச் சிலவாகவே இருக்கின்றன. மூன்று நெம்புகோல்கள், ஒரு கடிகாரம், ஒரு வரவு செலவுக் கணக்கு போதும்.

பழுதும் ஒரு பாடம்தான். காய்கள் தொலையும், உணரிகள் கைரேகையால் மங்கும், மீட்டமைக்கும் பொத்தானை ஒரு சிறுவன் விடாமல் குத்திக்கொண்டிருப்பான். அப்போது தேவைப்படுபவர் அருகில் நிற்கும் விளக்குநர். எண்பது நிமிடமாகிப்போன அந்த நாற்பது காய் மேசையில் அவர் விடையைச் சொல்லமாட்டார். 'பாலத்தை எடுத்துவிடலாமா?' என்று மட்டும் கேட்பார். கட்டிக்கொடுத்ததை யாராவது எடுப்பார்களா என்று ஒரு பெரியவர் முணுமுணுப்பார். பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சிறுமி அதற்குள் அதன் ஒரு முனையைத் தூக்கியிருப்பாள்.